‘இன்ஸ்பயர்ட்’ என்பதற்கு நாலு சமயத்துக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறதா?

அச்சுப்பொடியன், கொழும்பு 13

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

ஜெம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. ஆள் குறைவு என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழுகிறது. போன கிழமை ஒரு சர்வமதக் கூட்டத்துக்காக எட்டுப் பக்கக் கைநூல் ஒன்று வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றாம் பக்கத்தில் ‘டிவைன்லி இன்ஸ்பயர்ட்’ நூல்கள் என்று வருகிறது, அடுத்த வரியிலேயே ‘பீப்பிள் ஒஃப் ஃபெய்த்’. அரை மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் கை வைத்தேன்.

முதலில் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ‘கடவுளால் ஈர்க்கப்பட்ட நூல்கள்’ என்று வந்தது. இரும்புத்தூளைக் காந்தம் இழுத்த மாதிரி. சரி, நாமே எழுதுவோம் என்று ‘தெய்வ அருளால் எழுதப்பட்ட நூல்கள்’ என்று போட்டு அனுப்பினேன். குழுவில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், குர்ஆனை யாரும் அருள் பெற்று உட்கார்ந்து எழுதவில்லை, இது எங்களுக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ‘வெளிப்படுத்தப்பட்ட நூல்கள்’ என்று மாற்றினேன். பௌத்தர் தரப்பில் இருந்து தொலைபேசி: எங்களுக்கு யாரும் எதையும் வெளிப்படுத்தவில்லை, புத்தர் தானே கண்டடைந்தார். அதுவும் நியாயந்தானே!

‘விசுவாசிகள்’ என்று போட்டதற்கு வேறு சிரிப்பு. அது சேர்ச் சொல் என்றார் ஒருவர், நாய்க்குத்தான் விசுவாசம் என்று எழுதுவார்கள் என்றார் இன்னொருவர். இதற்கிடையில் புரூஃபை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்தேன், அம்மா பார்த்துவிட்டு “அருள் வந்தவர்களோ? எந்தக் கோயிலில் ஆட்டமாம்?” என்று கேட்டா. நான் எழுதியிருந்தது ‘அருள் பெற்றவர்கள்’.

இந்த இரண்டுக்கும் எல்லோரும் ஏற்கிற மாதிரி ஒரு சொல் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

---

சும்மா ஒருவன்

உத்வேகம் என்று போட்டுவிட்டுப் போங்கள். கைநூலை யார் வாசிக்கப் போகிறார்கள், பிஸ்கட் தட்டுக்குக் கீழே வைக்கத்தானே.

---

வெள்ளவத்தை ரீச்சர்

தம்பி, உத்வேகம் மட்டும் வேண்டாம். அது கிரிக்கெட் கப்டன் பொடியன்களுக்குக் கொடுக்கிற சாமான். பைபிளில் சங்கீதங்களைப் பாடினவன் உத்வேகத்தில் எழுதினான் என்றால் கடற்கரைக்குப் போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து எழுதினான் என்றுதான் அர்த்தம் வரும்.

நான் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள், பிறந்து வளர்ந்தது புரொட்டஸ்தாந்து வீட்டில், அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். நீர் கேட்கிற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனில் ‘மூச்சை உள்ளே ஊதுதல்’. பைபிளில் இந்தக் கருத்துக்கு மூல வசனம் 2 தீமோத்தேயு 3:16. அங்கே கிரேக்கத்தில் இருக்கிற சொல் ‘தியோப்னியூஸ்தொஸ்’. தியோஸ் கடவுள், மற்றது மூச்சு விடுகிற வினை. கடவுள் மூச்சுவிட்டது என்று சொல்லுக்குச் சொல் பொருள். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்று இருக்கும். கத்தோலிக்கர் கையில் இருக்கிற 1995 திருவிவிலியத்தில் ‘கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது’ என்று வரும். பழையதில் மூச்சு எங்கே என்று கேட்டால், ‘ஆவி’யில் இருக்கிறது. பிட்டுப் பானையில் பறப்பதும் ஆவி, தடிமன் வந்தால் போர்வையை மூடிப் பிடிப்பதும் ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி. மூச்சு, நீராவி, உயிர் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழி நம்முடையது. எபிரேயத்தில் ‘ரூவாஹ்’ என்ற சொல்லும் காற்று, மூச்சு, ஆவி மூன்றுக்கும் ஆகும். அதனால் மொழிபெயர்த்தவர்களுக்கு அந்த இடத்தில் கஷ்டமே இருந்திருக்காது. போர்த்துக்கேயர் காலக் கத்தோலிக்கர் மட்டும் நெடுநாள் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று அப்படியே வைத்திருந்தார்கள், என் அயலில் இருந்த ஒரு கிழவி சாகும்வரை அப்படித்தான் செபித்தா.

இன்னொரு சொல்லும் உண்டு: ஏவுதல். 2 பேதுரு 1:21 இல் பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ‘ஏவப்பட்டுப்’ பேசினார்கள் என்று வருகிறது. எனக்கு இந்தச் சொல் பிடிக்கும், ஆனால் இப்போது உமது கைநூலில் போட்டால் ஒன்று ஏவல் பேய், இல்லாவிட்டால் ஏவுகணை என்றுதான் சனம் நினைக்கும்.

ஒன்று கவனியும். ஏவப்பட்டார்கள் என்றால் எழுதினவனுடைய கையும் தலையும் தூங்கிப் போய்விட்டது என்று நாங்கள் கொள்வதில்லை. லூக்கா தன் சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் நன்றாக விசாரித்து அறிந்துதான் ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொல்கிறார். விசாரித்து எழுதினதும் அருளப்பட்டதுதான். இரண்டும் ஒன்றாகப் போகும்.

விசுவாசத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு.

---

மருதானை நானா

ரீச்சர் கடைசியில் சொன்ன அந்த இடத்தில்தான் எங்களுக்கும் உங்களுக்கும் வழி பிரிகிறது. தம்பி, உங்கள் கைநூலைத் திருப்பி அனுப்பிய பெரியவர் சும்மா சண்டை பிடிக்கவில்லை.

எங்கள் சொல் வஹீ. அரபியில் அதன் பொதுப் பொருள், மறைவாகவும் விரைவாகவும் ஒன்றை அறிவிப்பது. அந்தப் பொதுப் பொருளில் குர்ஆன் இதைத் தேனீக்கும் சொல்கிறது. 16ஆம் அத்தியாயம் 68ஆம் வசனத்தைப் பாருங்கள், மலைகளிலும் மரங்களிலும் கூடு கட்டு என்று இறைவன் தேனீக்கு வஹீ அறிவித்தான் என்று வருகிறது. மூஸா நபியின் தாய்க்குப் பிள்ளையை ஆற்றில் விடச் சொன்னதும் இதே சொல்தான். ஆனால் மார்க்கத்தில் வஹீ என்றால் நபிமாருக்கு வருவது மட்டும். குர்ஆனைப் பொறுத்தவரை கருத்து அல்லாஹ்வுடையது, நபி தன் சொல்லில் எடுத்துச் சொன்னார் என்பது எங்கள் கொள்கை இல்லை. சொல்லே இறங்கியது. வானவர் ஜிப்ரீல் ஓதிக் கொடுத்தார், நபிகள் அதையே எடுத்துச் சொன்னார்கள். லூக்கா மாதிரி விசாரித்து எழுதுகிற இடமே அங்கே கிடையாது. ‘அருளால் எழுதப்பட்ட’ என்றால் எழுதியவர் நபி என்று ஆகிவிடுகிறது பாருங்கள், அதுதான் அந்தப் பெரியவருக்குக் குத்தியிருக்கும்.

நபிமொழித் தொகுப்பான புகாரி கிரந்தத்தின் முதல் பாடமே வஹீயின் தொடக்கம் பற்றியது. சில நேரம் மணியோசை போல வரும், அதுதான் தனக்கு மிகக் கடினம் என்று நபிகள் சொன்னதாகவும், கடுங்குளிர் நாளில்கூட வஹீ முடிகிற நேரம் அவர்களின் நெற்றியில் வியர்வை வழிந்ததைத் தான் கண்டதாக நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி சொன்னதாகவும் அதிலே இருக்கிறது. இதை உத்வேகம் என்று சொன்னால் எப்படி?

சாதாரண மனிதருக்கு மனதில் நல்லதாக ஒன்று படுகிறதே, அதற்கு வேறு சொல்: இல்ஹாம். ‘உள்ளத்தில் உதிக்கச் செய்தல்’ என்று தமிழில் எழுதுவார்கள். அரபு வேரில் விழுங்கச் செய்தல் என்ற பொருள் இருக்கிறது. மருந்தைக் குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி எண்ணத்தை உள்ளே புகட்டிவிடுகிறான். இல்ஹாம் வந்தவர் தனக்கு வந்ததை வைத்து மற்றவருக்குச் சட்டம் சொல்ல முடியாது. கவிஞனுக்கு வருகிற இன்ஸ்பிரேஷனை நான் இந்தப் பக்கத்தில்தான் வைப்பேன்.

வினையைப் பாருங்கள் தம்பி. நாங்கள் தமிழில் பேசும்போது வஹீ ‘வந்தது’, வசனம் ‘இறங்கியது’ என்போம். எழுதப்பட்டது என்று சொல்லமாட்டோம்.

---

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு, இப்போது கொழும்பில் வேலை. அச்சுப்பொடியனின் அம்மா கேட்டதுதான் எனக்குச் சரியான கேள்வியாகப் படுகிறது. நீங்கள் எல்லோரும் நூலைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கள் ஊரில் அருள் என்றால் அது ஆளில் வருவது.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும். என் பெரிய மாமி அதில் தெய்வம் ஆடுகிறவ. மற்ற நாளில் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டா, கடைக்குப் போனால் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்கமாட்டா. உடுக்குச் சத்தம் ஏறி, வேப்பிலையைக் கையில் கொடுத்தவுடன் முதலில் கால் பெருவிரல்தான் நடுங்கத் தொடங்கும். நான் சின்ன வயதில் அவவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு குரல் மாறும். ஊர்ப் பெரிய மனுசரை ‘டேய்’ என்று கூப்பிடுவா, அவர்கள் கைகட்டி நிற்பார்கள். அப்போது சொல்வதைக் கட்டுச் சொல்லுதல் என்போம். முடிந்து, தண்ணி தெளித்து, ஓலைப்பாயில் படுக்க வைத்த பிறகு எழும்பி “நான் என்ன சொன்னேன்?” என்று எங்களிடமே கேட்பா. உண்மையில் ஞாபகம் இல்லை.

யாழ்ப்பாணத்தார் கலை வந்தது, உரு வந்தது என்பார்கள். மலையகத்தில் சாமி வந்தது. பேசுகிறவருக்கே தெரியாமல் பேசப்படுவது என்றால் இதுதான். ஆனால் இதை உங்கள் கைநூலில் ஒருவரும் சேர்க்கமாட்டார்கள், ஏனென்றால் மாமியிடம் புத்தகம் இல்லை.

---

கப்பித்தாவத்தை ஐயா

வாவிக்கரை சொன்னதற்கு நான் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறேன். சங்க காலத்திலேயே வேலன் வெறியாட்டு உண்டு. காதல் நோயில் மெலிந்த மகளைப் பார்த்து, முருகு அணங்கியது என்று தாய் வேலனைக் கூப்பிட்டு ஆடவைப்பாள், உண்மை தெரிந்த தோழி அருகில் நின்று சிரிப்பாள். நம்பிக்கையும் கிண்டலும் அன்றைக்கே ஒரே முற்றத்தில் நின்றிருக்கின்றன.

சரி, சைவத்தில் நூல்கள் பற்றிக் கேட்டால், எங்கள் பக்கமே இரண்டு வகை இருக்கிறது. ஆகமம் சிவனே சொன்னது என்போம். திருமுறையோ மனிதர் பாடியது. ஆனால் மனிதர் மட்டும் பாடியதா என்றால் இல்லை. சம்பந்தர் திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் ‘எனதுரை தனதுரையாக’ என்று திரும்பத் திரும்பப் பாடுகிறார். என்னுடைய பேச்சு அவனுடைய பேச்சாக. இங்கே சம்பந்தருக்கு ஞாபகம் தப்பவில்லை, அவருடைய குரலும் மாறவில்லை. காழி ஞானசம்பந்தன் சொன்னது என்று பதிகத்தின் கடைசிப் பாட்டான கடைக்காப்பில் தன் பெயரையும் போட்டுக்கொள்கிறவர் அவர். வைணவத்தில் நம்மாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய், ‘என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை’ என்கிறார். பாடினது பெருமாள், பாடப்பட்டதும் பெருமாள், நடுவில் நான் ஒரு குழல். வாவிக்கரையின் மாமிக்கும் லூக்காவுக்கும் நடுவில் எங்கேயோ இவர்கள் நிற்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு மரபும் உண்டு, முதல் அடியை மட்டும் ஆண்டவன் எடுத்துக் கொடுப்பது. சுந்தரருக்குப் ‘பித்தா’ என்ற சொல், சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’, கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்குத் ‘திகடசக்கரம்’. மிச்சத்தை நீயே பாடு என்று விட்டுவிடுவான். திகடசக்கரம் என்ற புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லை என்று அரங்கேற்றத்தில் தகராறு வந்தது, கடைசியில் வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி கிடைத்தது என்று கதை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் நடக்கும்போது சின்ன வயதில் கேட்டது. கடவுள் தந்த அடியிலும் சந்திப் பிழை பிடிக்கிற சனம் நாங்கள்.

அருள் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். குறளில் அருளை அன்பு ஈன்ற குழவி என்கிறார் வள்ளுவர். சொந்தக்காரரிடம் வருவது அன்பு, தொடர்பு இல்லாத உயிரிடமும் போவது அருள் என்று பரிமேலழகர் விளக்குவார். அதாவது உறவு பார்க்காமல் மேலிருந்து வழிகிறது. சித்தாந்தத்தில் சத்திநிபாதம் என்பார்கள், நிபாதம் என்றால் விழுதல். நானா ‘இறங்கியது’ என்றார், நாங்கள் ‘விழுந்தது’ என்கிறோம். ஆனால் விழுவது வசனம் இல்லை, பக்குவப்பட்ட உயிரில் அருள்தான் பதிகிறது. ஒரே திசை, வேறு சாமான்.

பிறகு அருள் ஒரு துணைவினையாகவும் ஆகிவிட்டது. எழுந்தருளினார், கேட்டருளினார், திருவாய்மலர்ந்தருளினார். கோயில் நோட்டீஸ் அடிக்கிற தம்பிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரீச்சர் காட்டிய ‘அருளப்பட்டிருக்கிறது’ என்பதும் எனக்கு அந்தக் காதில்தான் கேட்கிறது.

---

வெள்ளவத்தை ரீச்சர்

ஐயா, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பழைய பைபிளில் நீங்கள் அருள் என்கிற விஷயத்துக்குச் சொல் கிருபை. கத்தோலிக்கர் அதை அருள் என்பார்கள், ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’. அதற்கு முந்திய தலைமுறையில் அதுவே ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’. ஒரு செபத்துக்குள் இத்தனை மாற்றம். 1850 இல் அச்சான பைபிளுக்குப் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு சைவக்கொழுந்து உட்கார்ந்து சேர்ச்சுக்குச் சொல் தேடிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது விசுவாசம். தம்பி, நாயைப் பற்றிச் சொன்னவரிடம் சொல்லும், அது சமஸ்கிருதத்தில் ‘ச்வஸ்’ என்ற மூச்சு விடுகிற வேரில் இருந்து வருகிறது. சுவாசம் உள்ளேயே இருக்கிறது பாரும், வி-சுவாசம். பயம் போய் ஆறுதலாக மூச்சு விடுவதுதான் அதன் அடி. சொற்பிறப்பில் பார்த்தால் ஆதியாகமத்தில் மனுஷன் நாசியிலே ஊதின ஜீவசுவாசமும் விசுவாசமும் ஒரே குடும்பம்.

ஆனால் உமக்கு உண்மையான தலையிடி விசுவாசத்தில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13 எங்கள் பைபிளில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. அதே வசனம் திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. எங்களுக்கு நம்பிக்கை என்பது ஹோப், அவர்களுக்கு நம்பிக்கை என்பது ஃபெய்த். ஒரு கலியாணத்தில் நாங்கள் பாதிப் பேரும் அவர்கள் பாதிப் பேருமாக இருந்து இந்த வசனம் வாசிக்கப்பட்டது, என் பக்கத்தில் இருந்த தங்கச்சி “அக்கா, ஒன்றை விட்டுவிட்டார்களே” என்று என் காதைக் கடித்தா. விடவில்லை, சொல் ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்துவிட்டது.

---

கப்பித்தாவத்தை ஐயா

ரீச்சருக்குத் தொல்காப்பியத்தில் இருந்து ஒரு பரிசு. உரியியலில் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்று ஒரு சூத்திரம். நம்பு என்றால் நசை, விருப்பம். முதலில் ஆசைப்படுதல், பிறகுதான் மெய் என்று கொள்ளுதல். அப்படிப் பார்த்தால் நம்பிக்கையை ஹோப் பக்கம் வைத்த உங்கள் ஆட்கள் பழம் பொருளுக்குத்தான் கிட்ட நிற்கிறார்கள். இன்றைக்கும் ‘உன்னை நம்பித்தான் வந்தேன்’ என்றால் நீ இருக்கிறாய் என்று ஏற்றுக்கொண்டேன் என்றா அர்த்தம்? உன்னிடம் ஒன்றை எதிர்பார்த்து வந்தேன் என்றுதான்.

---

மருதானை நானா

ரீச்சர் விசுவாசம் என்கிற இடத்தில் எங்கள் சொல் ஈமான். அதற்கும் வீட்டுக்குள் சொந்தக்காரர் நிறையப் பேர். அமானிதம் என்று நம் ஆட்கள் சொல்வோமே, நம்பி ஒப்படைத்த பொருள், அதுவும் அதே வேர். ஆமீனும் அதே வேர். அமைதி, பாதுகாப்பு என்ற கருத்துத்தான் அடியில். ரீச்சர் சொன்ன ஆறுதல் மூச்சு மாதிரி. ஆனால் ஈமான் வெறும் மன ஆறுதலோடு நிற்பதில்லை. அல்லாஹ், மலக்குமார் என்கிற வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி என்று எதை எதை ஏற்க வேண்டும் என ஆறு விஷயம் இருக்கிறது. ‘நம்பிக்கையாளர்’ என்று மொழிபெயர்ப்புகளில் வரும், அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதனால் அந்த இடத்தில் நம்பிக்கை போட்டால் என்னிடம் இருந்து முறைப்பாடு வராது.

பௌத்தர் பக்கம் என்ன சொல்வது? சிங்களத்தில் ‘ஸ்ரத்தாவ’ என்பார்கள், பாளியில் சத்தா. அதே சமஸ்கிருதச் சொல் தமிழில் சிரத்தை, நாமோ அதைக் கவனம் என்ற பொருளில் பாவிக்கிறோம், ‘சிரத்தையாகப் படி’. பக்கத்துக் கடை முதலாளி ஒருமுறை சொன்னார், தங்கள் சத்தா கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது இல்லையாம், வந்து பார் என்று கூப்பிடுகிற தர்மத்தின்மேல் வைக்கிற தெளிவாம். அவரிடம் பருப்பு வாங்கப் போய் முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

---

சும்மா ஒருவன்

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சமயத்துக்குச் சிங்களத்தில் ‘ஆகம’ என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் அதுதான் பாடத்தின் பெயர். ஐயா ஆகமம் என்றால் சிவன் சொன்ன நூல் என்கிறார். ரீச்சர் ஆதியாகமம் என்கிறார். அப்போது உண்மையில் பொதுச் சொல் ஆகமந்தானே?

---

கப்பித்தாவத்தை ஐயா

அடடா, சும்மா ஒருவன் சும்மா ஒருவன் இல்லை. ஆகமம் என்றால் ‘வந்தது’. வழிவழியாக வந்தது. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல் சொல்லாமல் விட்டுவிடுகிறது, அதனால்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் இன்றைக்கு ஆகமம் என்று போட்டால் கோயில் குருக்கள்மாரும் கும்பாபிஷேகமும்தான் ஞாபகம் வரும். கைநூலுக்கு ஆகாது.

---

அச்சுப்பொடியன், கொழும்பு 13

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்று 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன், பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவன் கொள்ளுப்பிட்டியில் இறங்கினேன்.

ஒரே சொல் தேடினதுதான் என் பிழை என்று விளங்குகிறது. நூலில் யார் பேசுகிறார், பேசுகிற நேரம் மனிதர் எங்கே நிற்கிறார் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் வேறு பதில். ‘இன்ஸ்பயர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினவர் ஒரு வீட்டுப் பதிலை எல்லா வீட்டுக்கும் ஒட்டிவிட்டார். அதனால் ஆங்கில வசனத்தை விட்டுவிட்டு, ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டே, மூன்றாம் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“வஹீயாக இறங்கிய குர்ஆன், தேவ ஆவியினால் அருளப்பட்ட விவிலியம், சிவன் அருளிய ஆகமங்களும் அருளாளர் பாடிய திருமுறைகளும், புத்தர் கண்டடைந்து போதித்த தர்மம் ஆகியவற்றைப் போற்றும் எல்லாச் சமயத்தவரும்…”

‘பீப்பிள் ஒஃப் ஃபெய்த்’ எல்லாச் சமயத்தவரும் என்று போய்விட்டது. விசுவாசமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. வாவிக்கரை அண்ணை, மாமிக்கு இடம் வைக்க முடியவில்லை. பின் அட்டையில் படம் ஒன்று போட இடம் இருக்கிறது, வேப்பிலை போடலாமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இரண்டு வரி கூடினதால் அந்தப் பக்கத்தில் எழுத்தை 11 இல் இருந்து 10.5 ஆக்க வேண்டி வந்தது. முதலாளிக்குத் தெரியாது.

---

வெள்ளவத்தை ரீச்சர்

‘விவிலியம்’ என்றால் கத்தோலிக்கர் சொல், ‘தேவ ஆவி’ எங்கள் சொல். இரண்டையும் ஒரே வரியில் கட்டிவைத்திருக்கிறீர். பரவாயில்லை, விடும். அந்தக் கலியாணத்தை விட இது நல்லாய்ப் பொருந்துகிறது.

---

மருதானை நானா

தம்பி, குர்ஆனுக்கு முன்னால் ‘திரு’ போடச் சொல்லி யாராவது கேட்பார்கள், போட்டாலும் குற்றம் இல்லை. வஹீயில் ஹீ நெடில். பிளேட் போட முதல் ஒருக்கா எனக்கு அனுப்புங்கள்.

---

அச்சுப்பொடியன், கொழும்பு 13

அனுப்புகிறேன் நானா. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு முதல் பார்த்துச் சொல்லுங்கள்.